கறிக்கடை நல்லியைக் கொண்டு எலும்பையும் மஜ்ஜையையும் கற்பிக்கும் முறை

எலும்புப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்தினால் மாணவர் மனத்தில் தங்குவது 206 என்ற எண் ஒன்றுதான். எலும்பு என்றால் உடலைத் தாங்கும் காய்ந்த கம்பு, மஜ்ஜை என்றால் அந்தக் கம்பின் ஓட்டையை அடைத்திருக்கும் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டே பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை வட்டாரத்தில் பல ஆண்டுகள் அறிவியல் நடத்தியதில், அந்த எண்ணத்தை மாற்ற ஒரு நல்லியும் ஒரு புட்டி வினிகரும் போதும் என்று கண்டுகொண்டேன். வகுப்பில் நடத்தும் ஆசிரியருக்கும், விடுமுறையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட விரும்பும் பெற்றோருக்கும் பயன்படும் என்று அந்த முறையை இங்கே எழுதுகிறேன். முழுவதையும் செய்து முடிக்க ஒரு வாரம் ஆகும். ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது.

வேண்டியவை: வெட்டாத ஆட்டுத் தொடை நல்லி ஒன்று, ஆட்டின் முதுகெலும்புத் துண்டு அல்லது நெஞ்செலும்பு ஒன்று, சமைக்காத கோழிக்கால் எலும்பு நான்கு, வெள்ளை வினிகர், ஹேக்ஸா பிளேடு, ஒரு தையல் ஊசி, கொஞ்சம் சலவைச் சோடா, வீட்டில் எங்காவது கிடக்கும் பழைய எக்ஸ்ரே படம். கடையில் நல்லியை முழுதாகக் கேட்டு வாங்குவதுதான் சற்றுக் கடினம். கத்தி ஏற்கெனவே ஓங்கியிருக்கும். “உடைக்காமப் போட்டா சூப்புல நல்லி எப்படி இறங்கும் சார்?” என்று எங்கள் கறிக்கடை பாய் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். பாடத்துக்கு என்று சொன்னால் இரண்டு முனைக் குமிழும் சிதையாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தக் குமிழ்கள் சிதைந்துவிட்டால் பாதிப் பாடம் போயிற்று. ஆட்டெலும்பும் மனித எலும்பும் அளவிலும் வடிவத்திலும் வேறு என்றாலும், நாம் பார்க்கப்போகும் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

முதல் நாளே வினிகர் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கோழி எலும்புகளில் ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டிக் கழுவி, இரண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றி, மூடியை இறுக்காமல் மேலே வைத்துவிடுங்கள். மற்ற இரண்டும் தனியே இருக்கட்டும். சிறிது நேரத்தில் எலும்பின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். எலும்புத் தாதுவில் கொஞ்சம் கார்பனேட்டும் கலந்திருப்பதால், அமிலம் பட்டவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மூடியை இறுக்கக் கூடாது என்று சொன்னதும் அதற்காகத்தான். வினிகரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல் முறை வடித்த வினிகரை மட்டும் கொட்டிவிடாமல் வேறு புட்டியில் ஊற்றிவையுங்கள், ஏழாம் நாள் அது தேவைப்படும். அவசரத்துக்குக் கழிப்பறை கழுவும் அமிலத்தை யாரும் எடுக்க வேண்டாம். கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

இந்தச் சோதனையை முதன்முதலில் செய்த ஆண்டில் வீட்டில் குக்கரில் வெந்த எலும்பையே எடுத்துப் போட்டேன். ஏழாம் நாள் நாற்பது பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, அது வளையாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெந்த எலும்பில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டிருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆகவே, பச்சை எலும்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி நல்லியைக் கையில் எடுக்கலாம். அறுப்பதற்கு முன் வெளிப்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். நகத்தால் ஓரிடத்தில் சுரண்டினால் வெங்காயச் சருகு போல மெல்லிய, ஆனால் எளிதில் கிழியாத ஒரு சவ்வு உரிந்து வரும். எலும்பைச் சுற்றியுள்ள இந்த உறைக்குப் பெரியாஸ்டியம் என்று பெயர். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இதில் நிறைந்திருக்கின்றன. கட்டில் காலில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டால் உயிர் போகும் வலி வருவது, அங்கே தோலுக்கும் இந்த உறைக்கும் நடுவே தசை இல்லாததால்தான். அடுத்து, தண்டைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் ஊசிமுனை நுழையும் அளவுக்கு ஒரு துளை தென்படும். தையல் ஊசியை அதில் செருகச் சொல்லுங்கள். நேராக நுழையாமல் சாய்ந்து, எலும்புச் சுவரைக் கடந்து உள்ளே போகும். உள்ளிருக்கும் மஜ்ஜைக்கும் எலும்பின் உட்பகுதிக்கும் இரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாயின் வழி அது. என் அனுபவத்தில், எலும்பு உயிருள்ளது என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்புவது இந்தத் துளையைக் கண்டபிறகுதான். காய்ந்த கம்புக்குள் இரத்தக் குழாய் எதற்குப் போகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

பிறகு அறுவை. நல்லியைத் துணியில் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹேக்ஸாவால் நடுத்தண்டைக் குறுக்கே ஒருமுறையும், ஒரு முனைக் குமிழை நெடுக்குவாக்கில் ஒருமுறையும் அறுக்க வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிரானூர் பார்டரில் மரமறுக்கும் ஆலைகள் வரிசையாக இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு மரத்தின் குறுக்குவெட்டு நன்றாகப் பழக்கம். (1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததும் எல்லை புளியரைக்கு மேற்கே போய்விட்டது, பிரானூருக்குப் பார்டர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.) எலும்பின் வெட்டைத் தேக்கோடு ஒப்பிடாதீர்கள். தேக்கில் வைரம் நடுவில் இருக்கும். பனையில்தான் வைரம் வெளியோரத்தில் கருத்து இறுகி, நடு சோறாக நெகிழ்ந்திருக்கும். எலும்பும் பனைச் சாதி. ஓரத்தில் யானைத் தந்தம் போல இறுகிய வளையம் தெரியும். அது அடர் எலும்பு. மனித எலும்புக்கூட்டின் மொத்த எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த வகையே. ஒரே எடையில் திண்டான கம்பியைவிடக் குழாய் வளைவைத் தாங்கும் என்பதைச் சைக்கிள் சட்டத்தைக் காட்டியே சொல்லிவிடலாம்.

பனையின் குறுக்குவெட்டில் கரும்புள்ளிகளாக நார்க்கட்டுகள் தெரியுமே, அவற்றைப் போல அடர் எலும்புக்குள்ளும் நெருக்கமான உருளைகள் நெடுக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இந்த உருளைக்கு ஆஸ்டியான் என்று பெயர். வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. உருளையின் நடுவே இரத்தக் குழாய் ஓடும் கால்வாய் ஒன்று இருக்கிறது. இந்தக் கால்வாய்களை 1691-இல் எழுதிவைத்த ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் பெயராலேயே அவை ஹேவர்சியன் கால்வாய்கள் எனப்படுகின்றன. கால்வாயைச் சுற்றி வளையம் வளையமாகப் படிந்த எலும்பு அடுக்குகளுக்கிடையே சின்னஞ்சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியிலும் ஓர் எலும்புச் செல் அடைபட்டிருந்து, மயிரிழையினும் மெல்லிய வழிகளில் நீண்ட கைகளை நீட்டி அண்டைச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எலும்பின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை உணர்ந்து சொல்லுவது இந்தச் செல்கள்தாம்.

நெடுக்கே அறுத்த குமிழில் காட்சி வேறு. அங்கே அடர் எலும்பு மெல்லிய தோலாகிவிடுகிறது. உள்ளே, ஆப்பத்தின் நடுவைப் பிய்த்தால் தெரியும் துளைகளைப் போல, மெல்லிய எலும்புத் தகடுகளும் இடைவெளிகளுமாக நிறைந்திருக்கும். இதைப் பஞ்செலும்பு என்கிறோம். இந்தத் தகடுகள் கண்டபடி கிடப்பவை அல்ல. பாரம் இறங்கும் திசையில் அடுக்கியவை. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் விளக்கினார். விண்வெளியில் எடையற்று மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்குக் குறையாமல் தேய்வதும், கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தவரின் கால் எலும்பு மெலிவதும் இதே கணக்குத்தான். வாங்கிய ஆடு இளசாக இருந்தால், குமிழுக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு வளைந்த கோடு கண்ணாடி போல மினுங்கும். அது வளர்ச்சித் தட்டு, அதாவது குருத்தெலும்பு. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். மனிதரில் பதின்வயது முடியும் வாக்கில் அது முழுதும் எலும்பாகி மூடிக்கொள்கிறது.

இப்போது மஜ்ஜைக்கு வருவோம். நல்லித் தண்டின் குழலில் இருப்பதை ஒரு சின்னக் கரண்டியால் நோண்டி எடுத்துப் பழைய செய்தித்தாளில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை படியும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். இதில் பெரும்பகுதி கொழுப்புதான், பெயர் மஞ்சள் மஜ்ஜை. இங்கேயே நிறுத்திவிட்டால் பிள்ளைகளின் பழைய எண்ணமே உறுதிப்பட்டுவிடும். அதனால் உடனே முதுகெலும்புத் துண்டை எடுத்து அறுத்து, பஞ்செலும்பின் இடைவெளிகளை விரலால் அழுத்தச் சொல்லுங்கள். அடர்ந்த செந்நிறக் கூழ் விரலில் ஒட்டும். அது சிவப்பு மஜ்ஜை, இரத்தம் பிறக்கும் இடம். எலும்புக்குள் இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பது இந்த இரண்டையும் அருகருகே வைத்தால்தான் விளங்கும். இளம் ஆடாயிருந்தால் நல்லிக்குள்ளும் இளஞ்சிவப்புத் தெரியலாம். மனிதக் குழந்தைக்கும் அப்படியே: பிறக்கும்போது எலும்புகள் எல்லாவற்றிலும் சிவப்பு மஜ்ஜைதான். பிறகு கை, கால் முனைகளிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மஞ்சளாகி, 25 வயதளவில் முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலா, இடுப்பு, மண்டையோடு, தொடை எலும்பு, மேற்கை எலும்பு ஆகியவற்றின் மேல்முனைகள் என்ற அளவில் சிவப்பு ஒடுங்கிவிடுகிறது. கடுமையான இரத்தக் குறைவு ஏற்பட்டால் மஞ்சள் மறுபடி சிவப்பாக மாறவும் செய்யும்.

இரத்த அணுக்கள் மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்பதை 1868-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நியூமனும் இத்தாலியில் ஜூலியோ பிட்ஸோசெரோவும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வயது வந்தவரின் உடல் எடையில் ஏறத்தாழ 4 சதவீதம் மஜ்ஜை. அதில் பாதியளவே சிவப்பு. அந்தப் பாதி நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளுகிறது. எல்லாவற்றுக்கும் மூலம் ஸ்டெம் செல். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அதன் வாரிசுகள். சிவப்பணு தன் உட்கருவை மஜ்ஜையிலேயே கழற்றிவிட்டு வெளியேறி ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. தட்டணுவுக்கு ஆயுள் பத்து நாளுக்குள். உற்பத்தியைக் கூட்டு என்ற கட்டளை எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனாகச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. சிறுநீரகம் பழுதானவர்கள் இரத்தசோகையால் வெளுத்துப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் இந்த இடத்தில் தீர்த்துவிட வேண்டும். சித்த மருத்துவம் உடலை ஆக்கும் ஏழு உடற்கட்டுகளில் ஐந்தாவதை என்பு என்றும் ஆறாவதை மூளை என்றும் சொல்கிறது. அந்த மூளை தலைக்குள் இருப்பதல்ல, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான். மலையாளத்திலும் மஜ்ஜைதான் சொல். எலும்பு அங்கே எல்லு. ஆரியங்காவுக்கு அப்பாலிருந்து வாக்கப்பட்டு வந்த தாய்மாரின் பிள்ளைகள், எல்லும் கப்பையும் தின்ற கதையை இந்தப் பாடத்தின்போது கட்டாயம் சொல்லுவார்கள்; சொல்லட்டும். ஆனால் மஜ்ஜையையும், முதுகெலும்பின் உள்ளே ஓடும் நரம்புக் கற்றையான முதுகுத்தண்டு வடத்தையும் ஒன்றாக நினைப்பது மட்டும் நல்லதல்ல. மஜ்ஜைப் பரிசோதனை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும், முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அஞ்சி வீட்டுக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். அந்தப் பரிசோதனையில் ஊசி போவது பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்மேட்டில். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துதான் எடுப்பார்கள். வடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையளிப்பவரிடமிருந்துகூட இப்போது பெரும்பாலும் சில நாள் ஊசி மருந்து கொடுத்து, கை இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். உடன்பிறந்தவர் ஒருவர் முழுப் பொருத்தமாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது.

நான்காம் நாள் நெருப்பு. தனியே வைத்த கோழி எலும்பில் ஒன்றை இடுக்கியால் பிடித்து, வெளியே கரியடுப்பில், கனல் நடுவே வைத்துவிடுங்கள். முதலில் முடி கருகும் நாற்றம் எழும்பும். அது கொலாஜன் என்ற புரதம் எரிவது. எலும்பு கறுத்து, பிறகு சாம்பல் நிறமாகி, கடைசியில் சுண்ணாம்பாய் வெளுக்கும். ஆறிய பின் எடுத்தால் வடிவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் திருநீறாய் நொறுங்கும். எஞ்சியது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதுவே. காடாற்றும் அன்று பொறுக்கியெடுப்பதும் இந்தத் தாதுவைத்தான். அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் இதில் பூட்டிக் கிடக்கிறது.

எக்ஸ்ரே படத்துக்கு அதிக நேரம் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், தாது நெருங்கிய அடர் எலும்பு வெண்கோடாகவும் மஜ்ஜைக் குழல் மங்கலாகவும் தெரியும். கறி தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படமே போதும். எலும்பைத் தொடுமாறு யாரையும் வற்புறுத்த வேண்டாம். குழந்தையின் படமாயிருந்தால் மூட்டருகே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். முறிவு என்று பதற வேண்டாம், அது வளர்ச்சித் தட்டு.

முறிவு என்றதும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆட்டுக்கால் சூப்பும் எண்ணெய்க் கட்டும் பேச்சுக்கு வந்துவிடும். சூப் குடிப்பதில் தவறில்லை. ஆனால் தாது வெறும் நீரில் கரைவதில்லை என்பதால் சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. ஆறவைத்த சூப் பாகாய் உறைவது கொலாஜன் ஜெலட்டினாக மாறியதால். கால்சியத்துக்குப் பாலும் கேழ்வரகும், அதைக் குடல் உறிஞ்சுவதற்கு வேண்டிய வைட்டமின் டி-க்கு வெயிலும் என்பதே சரியான கணக்கு. எண்ணெய் எலும்பு வரை போய்ச் சேர்வதில்லை. முறிந்த இடத்தை அசையாமல் வைப்பதுதான் அந்தக் கட்டின் பலன். முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்முடிச்சு உருவாகி, அது எலும்பாக இறுகி, பிறகு மாதக்கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய வடிவுக்கு வருகிறது. எலும்பு விலகியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்த பிறகே எந்தக் கட்டையும் போட வேண்டும். கட்டுக்குக் கீழே விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கட்டைப் பிரித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏழாம் நாள் வினிகர்ப் புட்டியைத் திறங்கள். எலும்பைக் கழுவி வளைத்தால் ரப்பர் போல வளையும், மெல்லிய எலும்பானால் முடிச்சே போடலாம். தாது போய்விட்டது, கொலாஜன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நெருப்பில் போட்டதைப் பக்கத்தில் வைத்துவிட்டால் விளக்கமே வேண்டாம்: ஒன்றில் நார் இல்லாத கல், மற்றதில் கல் இல்லாத நார். எதையும் செய்யாத நான்காவது எலும்பை இரண்டுக்கும் நடுவே வையுங்கள்.

வினிகர் செய்த வேலையை நம் உடலுக்குள் இந்த நிமிடமும் ஒரு செல் செய்துகொண்டிருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அந்தப் பெரிய செல் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து தாதுவைக் கரைத்து, பிறகு நொதியால் கொலாஜனையும் அரிக்கிறது. அது பிறப்பது இரத்த அணுக்களைப் பெற்ற அதே மஜ்ஜைக் குடும்பத்தில். அது அரித்த குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து பூசி நிரப்புகின்றன. அரிப்பது சில வாரம், நிரப்புவது மூன்று நான்கு மாதம். பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள், இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பைக் கரைத்துக் கொடு என்று ஆணையிடுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு முந்திக்கொள்கிறது, நிரப்புதல் பின்தங்குகிறது. பாட்டிமார் வழுக்கி விழுந்ததும் இடுப்பு முறிவது இந்த இடைவெளியால்தான்.

கடைசியாக, முதலில் வடித்து வைத்த வினிகரை எடுத்து, அதில் சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். முதலில் பொங்கும், பொங்கல் அடங்கிய பின்னும் கொஞ்சம் போட்டுக் கலக்கினால் தெளிந்திருந்த நீர் பால் போல வெளுக்கும். புட்டியை இரவு முழுதும் அசைக்காமல் வைத்தால் காலையில் அடியில் வெண்படிவு தங்கியிருக்கும். எலும்பிலிருந்து கரைந்துபோன கால்சியம் அதுதான்.